ரோயல் பெலும் பூங்காவுக்குள் கெலா, செபாராவ், தோமான் பிடிப்பது சரியா? (சுங்கை சிப்புட் தூண்டில்காரர்கள் இழை)

செம்பனைக்காடு

வணக்கம். நம்ம ஊர்க் குழு பூலாவ் பண்டிங்கில் படகு வீடு எடுத்து ரோயல் பெலும் போகிறது என்று முடிவாகிவிட்டது. இப்போது குழுவே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பிடித்து விட்டுவிடுவோம், அதில் என்ன தப்பு என்கிறது ஒரு பக்கம். பாதுகாத்த காட்டுக்குள்ளே போய் கெலா, செபாராவ், தோமான் என்று அந்த மண்ணின் மீனையே கொக்கியில் மாட்டுவது முறையில்லை, கையை வைக்காதே என்கிறது இன்னொரு பக்கம். வாட்ஸ்அப்பில் சத்தம் போட்டு ஒன்றும் தீரவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

இடத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் இந்தப் பூங்கா 117,500 ஹெக்டர், 2007-இல் மாநிலப் பூங்காவாக அரசிதழில் வந்தது. தெமெங்கோர் ஏரி ஏறக்குறைய 15,200 ஹெக்டர். கெரிக்கிலிருந்து ஜெலி போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலைக்கு வடக்கே இருப்பது பெலும், தெற்கே இருப்பது தெமெங்கோர் பக்கம். ஏரி இரண்டு பக்கமும் விரிகிறது. நாங்கள் போவது வடக்கே.

விஷயம் தெரிந்தவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். யார் எவ்வளவு பெரிய மீன் பிடித்தார் என்ற படம் வேண்டாம்.

லாசா_ரோடு

என் பதில்: வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். பேராக் ஆற்றில் மேலிருந்து கீழே தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டெரோ என்று நான்கு அணைகள். செண்டெரோ 1930-லிருந்தே நிற்கிறது. ஒவ்வொரு அணையும் ஆற்றைக் குறுக்கே வெட்டிவிட்டது. முட்டையிட மேலே ஏற வேண்டிய மீனுக்கு வழி இல்லை. தெமொலே என்ற ஆற்று மீன் இன்று சைட்டீஸ் (அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) முதல் பின்னிணைப்பில் இருக்கிறது என்றால் ஓடும் ஆறு துண்டுதுண்டாகிப் போனதற்கும் அதில் பங்கு உண்டு. கீழே இருப்பதை நம்மால் திரும்பக் கட்ட முடியாது. மேலே பெலும் காட்டுக்குள் இருக்கும் சிற்றாறுகள்தான் இன்னும் மண் கலங்காமல் ஓடுகின்றன. பேராக் ஆற்றுக் கெலாவுக்கு விதை நெல் இருக்கும் இடம் அது. விதை நெல்லை எடுத்து விளையாட மாட்டோம்.

சண்டை போடும் மீன் வேண்டுமா? கிந்தா பள்ளத்தாக்கு முழுக்கப் பழைய ஈயச் சுரங்கக் குளங்கள் (லொம்போங்) இருக்கின்றன. அங்கே பீக்காக் பாஸ் நிறைந்து கிடக்கிறது. தென் அமெரிக்க மீன், நம் மீன் குஞ்சைத் தின்னும் மீன். எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்து வீட்டுக்குக் கொண்டு போங்கள், கறி நன்றாகவே இருக்கும்.

பண்டிங்_படகு

லாசா அண்ணே, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூங்கா என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கினால் கணக்கு தப்பும்.

ஏரி வேறு, ஏரிக்குள் வந்து விழும் ஆறு வேறு. ஏரி 1970-களில் அணை கட்டியதால் வந்தது. மூழ்கிய காடு, நிற்கிற தண்ணீர், செத்த மரக்கட்டை. இது தோமானுக்கு வாய்த்த இடம். செபாராவும் ஆற்று முகத்திலும் பாறை ஓரத்திலும் ஏரியிலேயே வாழும். ஆனால் கெலா, தெங்காஸ் இரண்டும் ஓடுகிற தண்ணீர் மீன்கள். ஏரியில் அலைந்தாலும், முட்டையிடக் கூழாங்கல்லும் ஓட்டமும் வேண்டும் என்பதால் மழை வந்து ஆறு பெருகியதும் மேலே ஏறிவிடும்.

அதனால் நான் சொல்லும் எல்லை இதுதான். படகு ஏரியில் இருக்கும் வரை தோமானுக்கும் செபாராவுக்கும் தூண்டில் போடலாம், விதி அனுமதித்தால். கரையில் சரளைக்கல் தெரிந்து, தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிற இடத்துக்கு வந்துவிட்டால் கம்பை மடித்து வைத்துவிட வேண்டும். அதற்கு மேலே கெலாவின் வீடு. சுங்கை ருவோக் போன்ற சரணாலயப் பகுதியில் கேள்வியே இல்லை, பார்ப்பதற்கு மட்டும்.

இன்னொன்று. ஆள் நடமாட்டம் இல்லாத ஆற்றுக்குள்தான் வலைக்காரனும், மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிக்கும் பேட்டரிக்காரனும் வருகிறான். நேர்மையான தூண்டில்காரன் அங்கே இருப்பது ஒரு காவல். செவுள் வலை கட்டியிருந்தால் முதலில் பார்ப்பவன் அவன்தான்.

லாசா_ரோடு

காவலுக்கு ரேஞ்சர் வேண்டும், தூண்டில்காரன் வேண்டாம். காவல் என்ற பேரில் உள்ளே போகிறவன் எல்லாம் நல்லவன் என்று எப்படி நம்புவது? ஆற்றின் எந்தக் கசத்தில் கெலா படுத்திருக்கிறது என்று ஜிபிஎஸ் குறியோடு பேஸ்புக்கில் போடுகிறவனும் தூண்டில்காரன்தானே. அதைப் பார்த்துவிட்டுத்தான் பேட்டரி வருகிறது.

பண்டிங்_படகு

அது உண்மை. படத்தில் பின்னால் இருக்கும் பாறையும் மரமும்கூட இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். படம் எடுத்தால் தண்ணீரை மட்டும் பின்னணியாக வையுங்கள், கைப்பேசி கேமராவில் இடக்குறிப்பை அணைத்து வையுங்கள்.

உயிரியல்_டீச்சர்

கெலாவுக்கு ஏன் தனிச் சலுகை கேட்கிறோம் என்பதைத் தெளிவாக்கிவிடுவது நல்லது. மலாயாவில் கெலா என்று சொல்லப்படுவது மாசீர் குடும்பத்தின் தோர் இன மீன்கள். தமிழ்நாட்டுக் காவேரியிலும் இவற்றின் உறவு இருக்கிறது. சரவாக்கில் எம்புராவ் என்பதும் இதே கூட்டம்தான். மெதுவாக வளரும், இனப்பெருக்கப் பருவத்துக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும், மற்றக் கெண்டைகளோடு ஒப்பிட்டால் முட்டையும் குறைவு. ஆகவே ஒரு பெரிய தாய் மீன் போனால் அந்த இடம் நிரம்ப வெகுகாலம் பிடிக்கும். லம்பாம் கெண்டை அப்படியில்லை, விரைவில் ஈடுகட்டிவிடும்.

உணவும் முக்கியம். ஆற்றின் மேல் சாய்ந்து நிற்கும் நெராம் மரமும், ஆரா என்று மலாயில் சொல்லும் அத்தி வகைகளும் உதிர்க்கும் பழத்தை நம்பி வாழ்கிற மீன் இது. கரை மரம் போனால் மீனும் போகும். தூண்டிலைத் தடுத்துவிட்டுக் கரையை வெட்டினால் ஒரு பயனும் இல்லை.

அடுத்து ஆக்சிஜன். 20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9.1 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் சுமார் 7.6 தான். மத்தியான வெயிலில் ஏரி மேல்நீர் சூடாகிக் கிடக்கும்போது செபாராவை நீண்ட நேரம் இழுத்து விளையாடினால், அதன் தசையில் லாக்டிக் அமிலம் ஏறியிருக்கும், அதைத் தீர்க்க வேண்டிய ஆக்சிஜனோ தண்ணீரில் குறைவாக இருக்கும். நீந்திப் போய்விட்டது என்று நாம் கையைத் தட்டிக்கொள்வோம். சில மணி நேரம் கழித்து அது கட்டைக்கடியில் செத்துக் கிடக்கும், நம் கண்ணுக்குத் தெரியாது. அதிகாலையில் பிடியுங்கள், பத்து மணிக்கு மேல் நிறுத்துங்கள்.

செம்பனைக்காடு

டீச்சர், நன்றி. எங்கள் குழுவில் இன்னொரு வாதம் ஓடுகிறது. தோமான் மற்ற எல்லா மீனையும் தின்கிற மீன், அதனால் அதை எடுத்துவிடுவது பூங்காவுக்கே நல்லது என்கிறார்கள். அப்படியா?

தோமான்_தவம்

இல்லை. தோமான் அந்த ஏரிக்கும் ஆற்றுக்கும் சொந்தமான வேட்டை மீன். நம் விரால் குடும்பத்தில் பெரியது. அது தின்பதைத் தின்றால்தான் சின்ன மீன் கூட்டம் அளவில் நிற்கும். புலி மானைத் தின்கிறது என்று யாரும் புலியைச் சுடச் சொல்வதில்லையே.

ஆனால் தோமான் தூண்டிலில் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது, அதை இங்கே சொல்லியே ஆக வேண்டும். குஞ்சுக் கூட்டத்தின் மேல் லூர் (செயற்கை இரை) எறிவது.

தோமானின் குஞ்சு சிவந்த ஆரஞ்சு நிறத்தில் நூற்றுக்கணக்கில் ஒரே பந்தாகச் சேர்ந்து நகரும். இவை காற்றை விழுங்கி மூச்சுவிடும் மீன்கள் என்பதால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மொத்தக் கூட்டமும் மேலே வந்து மூச்சு வாங்கும். அமைதியான தண்ணீரில் ஒரு பாய் அகலத்துக்குச் சின்ன மழை பெய்வதுபோல் தெரியும். அதற்குக் கீழேயே தாயும் தகப்பனும் நிற்கும். தவளை லூரோ பாப்பரோ அந்த வட்டத்துக்குள் விழுந்தால் அவை பசிக்காக அடிப்பதில்லை, குஞ்சைக் காக்க அடிக்கின்றன. அதனால்தான் இது சுலபம். பெற்ற மீனை மேலே தூக்கிப் படம் எடுத்து முடிப்பதற்குள் செபாராவும் மற்றதும் பந்தைக் கலைத்துத் தின்றுவிடும். மீனைத் திரும்ப விட்டாலும் குஞ்சு திரும்ப வராது. அதாவது நல்ல முறையில் விட்டாலும் ஒரு தலைமுறையை எடுத்துவிட்டோம் என்று அர்த்தம்.

அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்: சிவப்புப் பந்து என்றால் சின்னக் குஞ்சு, காவல் கடுமையாக இருக்கும். வளர்ந்து பக்கவாட்டில் கறுப்புக் கோடு தெரியத் தொடங்கினாலும் பெற்றவை அருகிலேயே இருக்கும். பொரிகிற தண்ணீரைப் பார்த்தால் படகைத் திருப்பிவிடுங்கள், அவ்வளவுதான். தனியாக மேலே வந்து ஒரு வாய் காற்றுக் குடித்துவிட்டுப் போகும் தோமான் இருக்கிறதே, அதற்கு எறியுங்கள். மீன் மூச்சு வாங்கிய இடத்துக்குக் கொஞ்சம் தாண்டிப் போட்டு அதன் பாதையில் இழுத்து வர வேண்டும். இதுதான் கைத்திறமை.

ஒற்றைக்கொக்கி

பிடித்து விடுவது என்று முடிவெடுத்தால் அதற்கு வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. கடையில் வாங்கிய லூரை அப்படியே கட்டிக்கொண்டு போய் விட்டுவிடுகிறேன் என்பவர்கள் பாதி மீனைக் கொன்றுவிட்டுத்தான் விடுகிறார்கள்.

முதலில் முக்கொக்கி. செபாராவுக்கு எறியும் மின்னோ லூரில் இரண்டு முக்கொக்கி இருக்கும், ஆறு முனை. ஒன்று வாயில் மாட்டினால் மற்றது கண்ணிலோ செவுளிலோ போய்க் குத்தும். இரண்டையும் கழற்றி, கண் நேராக இருக்கும் ஒற்றைக் கொக்கி போடுங்கள். கழற்றிய முக்கொக்கியின் எடைக்குக் கிட்டத்தட்ட வருகிற கொக்கியாகப் பாருங்கள். எடை ரொம்பக் குறைந்தால் லூர் மேலே மிதந்து ஆட்டம் கெடும், கூடினால் மூழ்கும். வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தாலே தெரியும். வயிற்றுக் கொக்கியின் முனை முன்பக்கம் பார்க்க வேண்டும், வால் கொக்கியின் முனை மேலே. கொக்கி வளைவு ரொம்ப அகலமாக இருந்தால் லூர் உடம்பையே கவ்விக்கொள்ளும், அப்போது ஒரு அளவு சிறியதை எடுங்கள்.

அடுத்து பின்முள். கொக்கி நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்ன முள்ளைப் பிளேயரால் நசுக்கிவிட வேண்டும். பிளேயரின் வாய் கொக்கி முனைக்கு நேர்கோட்டில் இருக்கட்டும், குறுக்கே பிடித்து நசுக்கினால் முனையே உடையும். சரியாக நசுங்கியதா என்று பார்க்க ஒரு பழைய சட்டைத் துணியில் குத்தி இழுங்கள். துணி நூல் மாட்டாமல் வந்தால் சரி. மாட்டினால் இன்னொரு அழுத்து. பின்முள் இல்லாவிட்டால் மீன் தப்பிவிடும் என்பார்கள். நூலைத் தளரவிடாமல் இழுத்தால் தப்பாது. தப்பினாலும் எப்படியும் விடப்போகிற மீன்தானே.

நூல். மெல்லிய நூலில் நீண்ட நேரம் விளையாடுவதுதான் திறமை என்ற எண்ணத்தை விடுங்கள். அது மீனைச் சாகடிக்கும். செபாராவுக்கு 20 பவுண்டு பிரெய்ட் (பின்னல் நூல்), தோமானுக்கு 40 முதல் 50 பவுண்டு பிரெய்ட், அதன் முன்னால் 50, 60 பவுண்டு லீடர் (முன் நூல்). தோமான் பல் மெல்லிய லீடரை அறுத்துவிடும், அறுந்தால் லூர் வாயில் மாட்டியபடியே மீன் போய்விடும். கட்டைக்குள் ஓடவிடாமல் சீக்கிரம் மேலே கொண்டுவரக் கனமான நூல்தான் உதவும்.

வலை ரப்பர் பூசியதாக, முடிச்சில்லாததாக இருக்கட்டும். நைலான் முடிச்சு வலை செதிலைப் பெயர்த்து, உடம்பின் வழுவழுப்பை உரித்துவிடும். அந்த வழுவழுப்பு போன இடத்தில்தான் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். கையை நனைத்த பிறகே மீனைத் தொடுங்கள். கையுறை, காய்ந்த துணி, சூடேறிய படகுத் தளம் மூன்றுமே ஆகாது.

வாய்க்கவ்வியில் மாட்டித் தொங்கவிட்டு நிறுப்பதை நிறுத்துங்கள். கெலாவின் வாய் முன்னால் நீளும் மென்மையான வாய், மொத்த எடையும் அதில் தொங்கினால் இணைப்பு கிழியும். ஒரு கை வால் அடியில், ஒரு கை முன் துடுப்புக்குக் கீழே வயிற்றில், கிடைமட்டமாக. தண்ணீருக்கு மேலே பத்து வினாடிக்குமேல் வேண்டாம். கேமராக்காரர் தயார் என்று சொன்ன பிறகுதான் மீன் மேலே வர வேண்டும்.

விடும்போது முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள். பின்னால் இழுக்கையில் தண்ணீர் செவுளுக்குள் தலைகீழாகப் போகிறது. ஓட்டம் இருந்தால் தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துப் பிடித்துக்கொண்டிருங்கள். ஏரி என்றால் படகை மிக மெதுவாக முன்னே நகர்த்தலாம். மீனை மெல்லப் புரட்டிப் பாருங்கள். உடனே நிமிர்ந்தால் தயார். மூன்று வினாடியில் நிமிரவில்லை என்றால் இன்னும் பிடித்திருக்க வேண்டும். அதுவாக வாலை உதறிப் போகிற வரைக்கும் கையை எடுக்காதீர்கள்.

கொக்கி தொண்டைக்குள் போயிருந்தால் நோண்டாதீர்கள். நூலை வாய்க்கு ஒட்ட வெட்டிவிடுங்கள். நோண்டி எடுப்பதால் வரும் காயம் கொக்கியைவிடப் பெரியது.

தோமான்_தவம்

ஒற்றைக்கொக்கி சொன்னதில் தோமானுக்கு மட்டும் ஒரு திருத்தம். செபாராவையும் கெலாவையும் தண்ணீருக்குள்ளேயே வைத்திருப்பது சரி. தோமான் மேலே வந்து காற்றுக் குடித்தாக வேண்டும். அதை ஆழமான வலைப்பையில் போட்டுப் படகோரம் மூழ்க வைத்தால் மூச்சுத் திணறிச் செத்துவிடும். படத்துக்காகக் காத்திருக்க வைப்பதானால் அதன் வாய் நீர்மட்டத்தைத் தொடும்படி வையுங்கள். வைக்காமல் உடனே விடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

லாசா_ரோடு

இவ்வளவு கவனம் எடுத்தும் சில மீன் சாகும், ஒத்துக்கொள்கிறீர்கள்தானே? அப்படியானால் பூங்காவுக்குள் அந்தச் சில மீனைச் சாகடிக்க நமக்கு என்ன உரிமை? கறிக்குப் பிடிப்பவனாவது பசிக்குப் பிடிக்கிறான்.

இன்னொரு கேள்வி. கெலாவுக்கு என்று தோட்டத்திலிருந்து செம்பனை உதிரிப் பழத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு போகிறார்களே, பூங்காவுக்குள் அதைக் கொட்டலாமா?

ஒற்றைக்கொக்கி

முதல் கேள்விக்கு நேரான பதில்: ஆமாம், சாகும். அதனால்தான் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வேண்டும். விடுகிற மீனுக்கு வரம்பில்லை என்று நாள் முழுக்க இழுப்பவன், அளவோடு இரண்டு மீன் எடுத்துப் போகிறவனைவிட அதிகம் கொல்லக்கூடும். என் அளவுகோல் இதுதான். ஒரு மீன் செவுளில் இரத்தம் ஒழுகினால், அந்த லூரையும் அந்த முறையையும் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். கெலாவை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பூங்கா ஆற்றில் கெலாவைக் குறிவைக்கக் கூடாது என்பதில் நான் லாசா அண்ணன் பக்கம்.

உதிரிப்பழம்

செம்பனைக் கேள்விக்கு நான் சொல்கிறேன். கெலா பழம் தின்கிற மீன், செம்பனைப் பழத்தின் எண்ணெய் வாசத்துக்கு வந்துவிடும். இது பேராக்கிலும் பகாங்கிலும் எல்லாத் தூண்டில்காரருக்கும் தெரியும். தோட்டத்து ஓரமாக ஓடும் ஆற்றில் வெள்ளத்தோடு பழம் போவதும் உண்டு, அங்கே மீனுக்கு அது புதிதல்ல.

கட்டணக் குளத்திலோ வெளி ஆற்றிலோ போடுகிறவர்களுக்கு முறை சொல்கிறேன். நன்றாகச் சிவந்து தானாக உதிர்ந்த பழமாக எடுக்க வேண்டும், தோட்டத்து மேற்பார்வையாளரான தண்டலிடம் கேட்டு. உதிரிப் பழமும் தோட்டத்துச் சொத்து, கேட்காமல் எடுத்தால் திருட்டு. சதை மெதுவாகும் வரை வேகவையுங்கள், ஆனால் கொட்டையிலிருந்து கழன்று வரும் அளவுக்கு வேண்டாம். கழன்றால் எறியும்போதே பறந்துவிடும். கொட்டை வழியாகக் கொக்கி ஏறாது, சதையில் கொட்டையை ஒட்டிக் குத்தி முனை வெளியே தெரியும்படி விடுங்கள். வட்டக் கொக்கி போட்டால் வாயோரத்தில் மாட்டும், தொண்டைக்குப் போவது குறையும். வட்டக் கொக்கியில் கம்பை வெட்டி இழுக்கக் கூடாது. நூல் இறுகுவதைப் பார்த்து ரீலை மெதுவாகச் சுற்றினாலே போதும். கம்பைக் கவட்டையில் சாத்தி மணி கட்டிவிட்டுப் போகாதீர்கள், மணி அடிப்பதற்குள் கொக்கி உள்ளே போயிருக்கும்.

பூங்காவுக்குள் இது எதுவும் வேண்டாம். ஒரே கசத்தில் நாளுக்கு நாள் பழம் கொட்டினால் பரவிக் கிடக்க வேண்டிய மீன் எல்லாம் ஒரு இடத்தில் வந்து கூடும். கூடிய மீனை வலைக்காரன் ஒரே வீச்சில் அள்ளுவான். மீன் கூடும் இடத்தை நாமே தயார் செய்து கொடுத்ததாக ஆகும்.

உயிரியல்_டீச்சர்

லாசா, பண்டிங் இருவரும் மோதிய அந்த இடத்துக்குத் திரும்புகிறேன். தூண்டிலை முழுக்கத் தடுத்தால் என்ன நடக்கும், விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் காவேரியிலேயே உதாரணம் இருக்கிறது.

கர்நாடகத்தில் காவேரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் பீமேஸ்வரி, காலிபோர் போன்ற இடங்களில் மாசீர் தூண்டில் முகாம்கள் இருந்தன. பிடித்து விடுவது மட்டும். பிறகு சரணாலயத்துக்குள் தூண்டில் கூடாது என்று நிறுத்தப்பட்டது. ஆனால் காலிபோர் முகாமில் தூண்டில்காரர்கள் எழுதி வைத்த பிடிப்புப் பதிவுகள் 1998 முதல் 2012 வரை இருந்தன. ஆய்வாளர்கள் அதை எடுத்துப் பார்த்தபோதுதான் காவேரிக்கே உரிய கூன் முதுகு மாசீர் சரிந்துகொண்டே வந்ததும், வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத் துடுப்பு மாசீர் பெருகியதும் வரிவரியாகத் தெரிந்தது. நீலத் துடுப்பு மீன், மகாராஷ்டிரத்தில் லோனாவாலாவில் பொரித்து, மீனைப் பெருக்குகிறோம் என்ற நல்ல எண்ணத்தோடு காவேரியில் விடப்பட்ட இனம். கூன் முதுகு மாசீருக்கு உரிய அறிவியல் பெயர் 2018-இல்தான் உறுதியானது, அதே ஆண்டில் மிக மோசமான அழிவு நிலையில் உள்ள மீன்களின் பட்டியலில் வந்தது.

இதில் இரண்டு பக்கத்துக்கும் பாடம் உண்டு. பதிவு இல்லாவிட்டால் அந்த மீன் போனதே நமக்குத் தெரிந்திருக்காது, பதிவு எழுதியவர்கள் தூண்டில்காரர்கள். அதே சமயம், பெரிய மாசீர் நிறைய வேண்டும் என்ற ஆசை வேற்று ஆற்று மீனைக் கொண்டுவந்து விடுவதற்கு இடம் கொடுத்தது. நம் ஊரில் கெலாக் குஞ்சு வாங்கி ஆற்றில் விடும் விழாக்கள் நடக்கின்றன. பகாங் ஆற்று மீனின் குஞ்சைப் பேராக் ஆற்றில் விட்டால் அதுவும் இதே வகைத் தவறுதான். குஞ்சு எந்த ஆற்றுத் தாயிடமிருந்து வந்தது என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் பூங்கா வேறு வழி எடுத்தது. 2001-லிருந்து அங்கே மண்ணின் மீன் எதைப் பிடித்தாலும் விட்டாக வேண்டும். 1994-இல் யெல்லோஸ்டோன் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்ட அந்நிய லேக் டிரவுட் மீனை அந்த ஏரியில் பிடித்தால் திரும்ப விடக் கூடாது, கொல்ல வேண்டும். தூண்டில்காரனைத் துரத்தாமல் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

லாசா_ரோடு

அந்த யெல்லோஸ்டோன் விதி எனக்குச் சம்மதம். ஆனால் அங்கே அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. இங்கே ஆள் வரும் வரைக்கும் ஆற்றை மூடி வை என்பதுதான் நான் கேட்பது. சபாவில் தகால் முறையில் ஊர் மக்களே ஆற்றைப் பகுதி பகுதியாக மூடி வைக்கிறார்கள். மூடின பகுதியில் மீன் காலைத் தொட்டுப் போகிறது.

பண்டிங்_படகு

தகால் நடப்பதற்குக் காரணம், அதைக் காப்பவர்கள் அந்த ஆற்றுக் கரையிலேயே வாழ்கிற மக்கள். பெலும் தெமெங்கோரில் ஜஹாய், தெமியார் மக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மீன் அன்றாடச் சாப்பாடு. நகரத்திலிருந்து வரும் நாம் விளையாட்டுக்கு இழுப்பதையும் அவர்கள் சோற்றுக்குப் பிடிப்பதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. தடை போட்டால் முதலில் நம் மேல் போட வேண்டும். அவர்கள் வலை கட்டியிருந்தால் அதை அறுத்துவிட்டு வீரம் பேசுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். சந்தேகம் இருந்தால் படகுக்காரரைக் கேளுங்கள், யாருடைய வலை என்று அவருக்குத் தெரியும்.

பெர்மிட்_கிராணி

சட்டப் பக்கம் சுருக்கமாக. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் ஆமையும் ஆற்று மீன்பிடிப்பும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. அதனால்தான் பேராக்கில் ஒரு விதி, பகாங்கில் ஒரு விதி, திரெங்கானுவில் ஒரு விதி. தாமான் நெகாராவே (தேசியப் பூங்கா) மூன்று மாநிலச் சட்டங்களின் கீழ் 1938, 1939-இல் வந்தது, இன்று வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையான பெர்ஹிலித்தான் பார்த்துக்கொள்கிறது. ரோயல் பெலும் பேராக் மாநிலப் பூங்காக் கழகத்தின் கீழ். ஒரு பூங்காவில் அனுமதி என்பதால் இன்னொன்றில் அனுமதி என்று நினைக்காதீர்கள். ஒரே பூங்காவுக்குள்ளும் ஆற்றுக்கு ஆறு மாறும். தாமான் நெகாராவின் தஹான் ஆற்றில் லூபோக் தெனோர், திரெங்கானுவின் கென்யிரில் சுங்கை பெத்தாங் என்று கெலாவுக்கே ஒதுக்கிய சரணாலயங்களும் உண்டு.

பெலும் போக நுழைவு அனுமதியை முன்கூட்டியே எடுக்க வேண்டும், எல்லார் அடையாள அட்டை விவரமும் கேட்பார்கள். தாய்லாந்து எல்லைப் பகுதி, கடைசி நேரத்தில் ஆள் மாற்றினால் சிக்கல். நுழைவு அனுமதி வேறு, மீன்பிடி அனுமதி வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, எந்தப் பகுதி மூடியிருக்கிறது, எந்த மாதம் மூடியிருக்கிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெடி, விஷம், மின்சாரம் மூன்றையும் 1985 மீன்வளச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு தடுக்கிறது. தூபா வேரும் விஷம்தான், ‘இயற்கை’ என்று தப்பிக்க முடியாது. கண்டால் நேரம், இடம், படகு எண் குறித்துக்கொண்டு அதிகாரியிடம் சொல்லுங்கள். நெருங்கிப் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள், பேட்டரிக்காரன் நிற்கும் தண்ணீரில் கால் வைப்பதே ஆபத்து.

உதிரிப்பழம்

ஒன்று விட்டுப்போனது: உயிர் இரை. சந்தையில் வாங்கிய ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சையும் திலாப்பியாக் குஞ்சையும் உயிரோடு பூங்காவுக்குக் கொண்டு போகாதீர்கள். கொக்கியிலிருந்து நழுவுகிற ஒன்றிரண்டு போதும். மாலையில் மிச்சத்தை வாளியோடு ஏரியில் கவிழ்ப்பது அதைவிட மோசம். வீட்டுத் தொட்டியில் வளர்ந்துவிட்ட பண்டாராயா மீன் (உறிஞ்சு வாய்க் கெளுத்தி), ரெட்டெயில் கெளுத்தி எதையும் புண்ணியம் என்று ஆற்றில் விடக்கூடாது. வேற்று நாட்டு மீன் தூண்டிலில் வந்தால், பூங்கா விதி தடுக்காத வரை, தலையில் ஒரே அடியாக அடித்து உடனே முடித்து, ஐஸில் போட்டு எடுத்து வாருங்கள்.

செம்பனைக்காடு

எல்லாருக்கும் நன்றி. குழுவுக்கு நான் எழுதப் போவது: ஆற்றுக்குள் கம்பு எடுப்பதில்லை. கெலாவும் தெங்காஸும் குறி இல்லை, தவறி வந்தால் தண்ணீரிலேயே கழற்றி விடுவது. ஏரியில் அனுமதி இருக்கும் இடத்தில் மட்டும் தோமான், செபாராவ், ஒற்றைக் கொக்கி, பின்முள் நசுக்கியது. குஞ்சுப் பந்து கண்டால் விலகுவது. செம்பனைப் பழமும் உயிர் இரையும் வீட்டில். இதற்கு ஒப்பாதவர்கள் படகில் இடம் கேட்க வேண்டாம். லாசா அண்ணன் முழுக்கச் சம்மதிக்க மாட்டார் என்று தெரியும்.

டீச்சர் சொன்ன பதிவையும் எழுத நினைக்கிறேன். என்னென்ன குறிக்க வேண்டும்? நிறுக்காமல் எப்படி அளப்பது?

லாசா_ரோடு

சம்மதிக்கவில்லைதான். ஏரி மீனுக்கும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் ஆற்றை விட்டுவிட்டீர்களே, அதற்கு நன்றி தம்பி.

உயிரியல்_டீச்சர்

தேதி, தூண்டில் போட்ட மொத்த மணி நேரம், எத்தனை கம்பு, ஏரியின் எந்தப் பகுதி, நீர்மட்டம் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா. மீன் வந்தால் இனம், நீளம், கொக்கி எங்கே மாட்டியது, இரத்தம் வந்ததா, விட்டபோது நிமிர்ந்து போனதா. ஒன்றுமே கிடைக்காத நாளையும் கட்டாயம் எழுதுங்கள். அதை விட்டுவிட்டால் மணிக்கு எத்தனை மீன் என்ற கணக்கு பொய்யாகிவிடும், பத்து ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்கு ஏரி நிறைய மீன் இருந்ததாகத் தோன்றும். முடிந்ததும் ஒரு நகலைப் பூங்கா அலுவலகத்தில் கொடுங்கள், பகுதி பெயரோடு அவர்களுக்கு மட்டும், பொதுவில் வேண்டாம்.

ஒற்றைக்கொக்கி

அளப்பதற்கு: கம்பின் கைப்பிடி முனையிலிருந்து 30, 40, 50, 60, 70 சென்டிமீட்டரில் நிறம் மாற்றி மாற்றி இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். மீன் தண்ணீரில் வலைக்குள் கிடக்கும்போதே கம்பைப் பக்கத்தில் வைத்து வாய் நுனியிலிருந்து வால் கவட்டை வரைக்கும் பார்த்துச் சொல்லிவிடலாம். தோமானின் வால் உருண்டை, அதற்கு வால் நுனி வரைக்கும். ஒருவர் அளக்க இன்னொருவர் எழுதட்டும், ஈரக் கையோடு பேனா தேடிக்கொண்டிருந்தால் மீன் வலையில் தேய்ந்துகொண்டிருக்கும். டேப்பின் ஓரம் வெயிலில் உரியும், மேலே ஒரு பூச்சு சூப்பர் குளூ போட்டால் நிற்கும்.